பேரிங்குக்குப் பின்னால் ஒரு தகரத் துண்டு

“இன்ஜினைப் பிரிங்க. என் கண்ணெதிர்ல பிரிங்க.”

முதலாளியிடம் எதையும் கேட்டு நிற்காதே என்று சொல்லித்தான் அப்பா அவளை வளர்த்தார். நிஷ் நகரத்துப் பட்டறையில் தெசாங்கா இப்போது அதைத்தான் செய்தாள். டிரைவர் தீஹோமிரின் மகள். அந்த வீட்டின் முதல் பட்டதாரி, அதுவும் இயந்திரவியலில்.

அப்பாவின் முதலாளி, ஒயின் வியாபாரி லூபிஷா சலித்துக்கொண்டார். “எதுக்கும்மா? போன மாசம் வாங்கின வண்டி. பழசுதான், ஆனா இதுவரைக்கும் யாரும் பிரிக்காத இன்ஜின். உங்கப்பன் ஆயில் பார்க்காம ஓட்டி பேரிங்கைத் தின்னுட்டான். நாளையிலேருந்து வேலைக்கு வர வேணாம்.”

“காப்பிக் கடை வரைக்கும் அதைச் சொல்லிட்டீங்க. இனி அவருக்கு யாரு வண்டி தருவா?”

“விடும்மா,” என்றார் அப்பா.

மெக்கானிக் ராடே வண்டியைக் கிளப்பினார். குளிர்ந்திருந்தவரை சத்தமில்லை. சூடேறியதும் அடியிலிருந்து டொக் டொக்கென்று தட்டியது. ஆயில் விளக்கு மினுங்கியது. அளவுக் கம்பியை உருவிப் பார்த்தார். முழு அளவு. ஆயில் தேன்போல் கம்பியை விட்டு இறங்க மறுத்தது.

“இவ்வளவு கெட்டியா யாரு ஊத்தினது?”

“வாங்கி வந்த அன்னிக்கே அப்படித்தான் இருந்துச்சு,” என்றார் அப்பா மெல்ல.

தெசாங்கா வண்டிக்கடியில் நுழைந்தாள். ஆயில் தொட்டியின் விளிம்பில் கசிவை அடைக்கும் சிவப்புப் பசை பளபளவென்று புதிதாக இருந்தது. “யாரும் பிரிக்காத இன்ஜினுக்கு இது எப்படி வந்துச்சு?”

ராடே தொட்டியை இறக்கி, வளைந்த தகடுபோன்ற ஒரு பேரிங்கைக் கழற்றி அவள் கையில் வைத்தார். உள்பக்கத்து மேல்பூச்சு தேய்ந்து, முழுக்க ஒரே சீராகச் செம்பு தெரிந்தது. முதுகில் பீர் டப்பாவிலிருந்து வெட்டிய மெல்லிய தகரம்.

“ஆயில் இல்லாம ஓடியிருந்தா நீலம் பாரிச்சு, உருகி இழுத்திருக்கும். இது வருஷக்கணக்கா தேஞ்சது. இடைவெளிய அடைக்கத் தகரம், தட்டுற சத்தம் கேக்காம இருக்கக் கெட்டி ஆயில். எங்கப்பாவுக்கு ஸ்பேனர் பிடிக்கவே தெரியாது. வித்தவர் வேலைதான் இது,” என்றாள் தெசாங்கா.

“வித்த ஒப்ராத் என் மகனுக்கு ஞானஸ்நானத்துல நின்ன ஞானத் தகப்பன்,” என்றார் லூபிஷா. “ அவன் வண்டியைச் சோதிச்சா அவனையே சந்தேகப்பட்ட மாதிரி. நான் பானெட்டைக்கூடத் திறக்கல.”

“திறக்க மாட்டீங்கன்னு அவருக்குத் தெரியும்.”

லூபிஷா தகரத்தைத் திருப்பிப் பார்த்தார். “வயசாகித் தேஞ்சுதுன்னு வெச்சுக்குவோம். உங்கப்பா நாளைக்கு வரட்டும். பேச்சு இந்தப் பட்டறையோட முடியட்டும்.”

“சரிங்க முதலாளி,” என்றார் அப்பா.

“கெட்ட பேரு மட்டும் ஊர்ல இருக்கட்டும், இல்லையா?”

தெசாங்கா வெளியே கிளம்பினாள். அவள் வாசலைத் தாண்டியபின்தான் அப்பா கேட்டார்.

“எங்கம்மா போற?”

“ஒப்ராத் வீட்டுக்கு. தகரம் வெச்சது யாருன்னு அவரே ஊர்ல சொல்லட்டும்.”

கையிலிருந்த கறுப்பு ஆயிலைக்கூடத் துடைக்காமல் நடந்தாள்.