இன்றைக்கே வெளியாகும் விளையாட்டு

மழை பெய்தால் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டு கிடையாது. வெட்டு இல்லாவிட்டால் அன்றைக்கு வேலைப் பதிவில் பேரும் இல்லை, சம்பளமும் இல்லை. அதனால் வரிசை வீடுகளான மேட்டு லயத்தின் பெரியவர்கள் வானத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளோ உதயராஜ் வீட்டு டிவிக்கு முன்னால் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள்.

பழுதாகிக் கிடந்த அந்த டிவி அன்றைக்குத்தான் வரக்காப்பொலை டவுனிலிருந்து வீடு திரும்பியிருந்தது. அதைப் பழுதுபார்த்த கடைக்காரர் ரஸாக் நானா, த்ரீவீலில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, கீழ் லயத்தில் ஒரு ரேடியோவைப் பார்க்கப் போய்விட்டார். கூட வந்த அவர் மகன் காமில் இங்கேயே தங்கிவிட்டான். காமிலும் சுதர்சினியும் ஒரே வகுப்பு. அவன் கையில் ஒரு சீடி இருந்தது.

"வாப்பாட கடைக்கு கொழும்பில இருந்து வந்திச்சு. இனி வரப்போற வீடியோ கேம் எல்லாம் இதில ஈக்கு. வெளிநாட்டில பெரிய மேடை போட்டு ஒவ்வொண்ணா காட்டுறாங்க" என்றான் காமில்.

"பேசாம போடுடா!" என்றான் உதயராஜ்.

கறுப்புச் சட்டை போட்ட ஒருவர் மேடைக்கு வந்தார். கையை விரித்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அங்கே எல்லாரும் கை தட்டினார்கள். ஒன்றும் புரியாவிட்டாலும் இங்கேயும் எல்லாரும் தட்டினார்கள்.

முதலில் ஒரு வீரன் வந்தான். பாக்டரி அளவு உடம்புள்ள ஒரு பூதத்தின் முதுகில் ஏறி வாளால் குத்தினான்.

"இது எனக்கு! வேற யாரும் கேக்கக் கூடாது!" என்று உதயராஜ் கத்தினான்.

"அடுத்த வருஷம்தான் வருமாம்" என்றான் காமில்.

அடுத்து ஒரு சிறுமி வந்தாள். மரம் மரமாக ஓடிப் பழம் பறித்து வாளியை நிரப்பினாள். வாளி நிறைந்ததும் டிங் டிங் என்று மணி அடித்தது. அதற்கும் அங்கே பலத்த கைதட்டல்.

சுதர்சினிக்கு ஒரே குழப்பம். "காமில், வாளி நிறைஞ்சா என்ன கிடைக்கும்?"

"புள்ளி."

"அவ்வளவுதானா? இதையா சல்லி குடுத்து வாங்குறாங்க?"

உப்பு வாங்க வந்து வாசலிலேயே நின்றுவிட்ட சுதர்சினியின் அம்மா மல்லிகாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அந்தப் பிள்ளைகளை இங்க அனுப்பச் சொல்லு, தம்பி. நம்ம மலையில மரம் மரமா ஓடிப் பால் வாளி நிரப்பி ஓசியிலேயே விளையாடலாம். அட்டைக்கடியும் சேத்துக் குடுப்போம்!"

லயமே அதிரச் சிரித்தது.

மூன்றாவதாக வந்தது கார்ப் பந்தயம். சிவப்புக் கார் ஒன்று சீறிக்கொண்டு கிளம்பியது. சுதர்சினியின் தம்பி கிருஷாந்த் வாய் பிளந்து பார்த்தான். இரண்டாம் வகுப்புப் படிக்கும் அவனுக்குக் கார் என்றால் சோறு வேண்டாம்.

உதயராஜ் கண்ணைச் சிமிட்டியபடி ரிமோட்டை அவனிடம் நீட்டினான். "இந்தா, நீதான் டிரைவர். ஓட்டு!"

கிருஷாந்த் ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்தான். நாக்கை வெளியே நீட்டினான். கார் இடப்பக்கம் திரும்பினால் உடம்போடு இடப்பக்கம் சாய்ந்தான். வலப்பக்கம் திரும்பினால் காமிலின் மடியில் விழுந்தான். கடைசியில் சிவப்புக் கார் முதலாவதாக வந்தது.

"அக்கா! நான்தான் ஃபர்ஸ்ட்! பாத்தியா?"

சுதர்சினிக்கு உண்மை தெரியும். ஆனாலும் அவன் முகத்தைப் பார்த்ததும் சொல்ல மனம் வரவில்லை. "பாத்தேன், பாத்தேன்" என்றாள்.

"திரும்பப் போடுங்க! இன்னும் வேகமா ஓட்டுறேன்!"

திரும்பப் போட்டார்கள். பாதி வழியில் கிருஷாந்தின் காலில் அட்டை ஏறியது. ரிமோட்டைக் கீழே போட்டுவிட்டு அட்டையைப் பிய்த்தெறிந்தான். நிமிர்ந்து பார்த்தான். சிவப்புக் கார் தானாகவே வளைந்தது. தானாகவே முந்தியது. தானாகவே ஜெயித்தது.

"ரிமோட் கீழ கிடக்கே..." என்றான் மெதுவாக.

"அதில பேட்டரியே இல்லடா, டிரைவர் சார்!" உதயராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

கிருஷாந்த் எழுந்து வெளியே போனான். வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பின் ஓரத்தில், எல்லாருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். சுதர்சினி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நீயும் சொல்லல்ல" என்றான் அவன். "பாத்தேன் பாத்தேன்னு பொய் சொன்ன."

மழை தூறலாகியிருந்தது. லயத்துக்கு முன்னால் ஓடும் வடிகால் கானில் செந்தண்ணீர் நுரைத்துப் போனது. கோயிலடியில் இடப்பக்கம் வளைந்து, தண்ணீர்ப் பைப்படியில் வலப்பக்கம் வளைந்து, நேராக, கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா வரை பாய்ந்தது. பால் சேர்க்கும் சிரட்டை ஒன்று அதில் மிதந்து சுழன்று வந்தது.

சுதர்சினி துள்ளி எழுந்தாள்.

வீட்டுக்குப் பின்னால், வெடித்ததால் வீசிவிட்ட பால் சிரட்டைகள் குவியலாகக் கிடந்தன. அவற்றில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை உரித்தாள். அதை உருட்டி வெடிப்புகளில் அழுத்தி அடைத்தாள். ஒன்றைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தாள். ஒரு சொட்டுக்கூட உள்ளே வரவில்லை.

பிறகு ஒரு கல்லின் மேல் ஏறினாள். கறுப்புச் சட்டைக்காரர் மாதிரியே கையை விரித்தாள்.

"மேட்டு லயத்து மக்களே! உலகத்திலேயே முதல் தடவையா, சிரட்டைக் கார்ப் பந்தயம்! ஆளுக்கொரு சிரட்டை. ஆளுக்கொரு குச்சி. குச்சிதான் ஸ்டியரிங்!"

ஜன்னலில் காமிலின் தலை தெரிந்தது. "எப்ப வெளிவருது? அடுத்த வருஷமா?"

"இன்னைக்கே! இப்பவே!"

அடுத்த நிமிஷம் வீடு காலி. டிவியில் கறுப்புச் சட்டைக்காரர் அடுத்த விளையாட்டை அறிவித்துக்கொண்டிருந்தார், கேட்கத்தான் ஆள் இல்லை.

கிருஷாந்த் மட்டும் அசையவில்லை. "இது நெசமாவே நான் ஓட்டுறதா?" என்று சந்தேகத்தோடு கேட்டான்.

"நீ தள்ளாட்டி எங்கயாவது போய் முட்டும். இந்தத் தடவை பொய் இல்ல" என்றாள் அக்கா.

அவன் சிரட்டைகளைத் தட்டிப் பார்த்து இரண்டைப் பொறுக்கினான். உதயராஜ் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "எனக்கும் ஒண்ணு..."

"உனக்குத்தான் ரிமோட் இருக்கே!" என்றான் கிருஷாந்த்.

எல்லாரும் ஓவென்று கத்தினார்கள். உதயராஜின் காது சிவந்தது. கிருஷாந்த் கையிலிருந்த இரண்டாவது சிரட்டையை நீட்டினான். "சும்மா சொன்னேன். இந்தா, நல்ல சிரட்டை."

"சரி... ரெடி... போ!" என்று சுதர்சினி கத்தினாள்.

சிரட்டைகள் பாய்ந்தன. பிள்ளைகள் கரையோரம் குச்சியோடு ஓடினார்கள். சேறு தெறித்தது. கோயிலடி வளைவில் கிருஷாந்த்தான் முன்னால். பைப்படி வளைவில் அவசரப்பட்டுக் குச்சியால் ஓங்கித் தள்ளினான். சிரட்டை கல்லில் மோதி, ஒரு குட்டிக்கரணம் போட்டு, கவிழ்ந்தது. காமிலின் சிரட்டை முதலாவதாகப் பிள்ளைக்காம்பராவைப் போய்ச் சேர்ந்தது.

சுதர்சினி அவனிடம் ஓடினாள். 'போச்சு, திரும்பக் கோவிச்சுக்கிட்டு உக்காரப்போறான்.'

கிருஷாந்த் கானுக்குள் இறங்கி, கவிழ்ந்த சிரட்டையை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கினான். முகமெல்லாம் சேறு. அதற்கு நடுவில் பல் மட்டும் பளிச்சென்றது.

"அக்கா! நான் தோத்துட்டேன்! நானேதான் தள்ளினேன், நானேதான் கவுத்தேன்! நெசமாவே தோத்துட்டேன்!"

கீழே ரஸாக் நானாவின் த்ரீவீல் ஹார்ன் அடித்தது.

"இன்னும் ஒரே ஒரு ரேஸ், வாப்பா!" என்று காமில் கத்துவதற்குள், கிருஷாந்த் சிரட்டையோடு பந்தயம் தொடங்கிய மேட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான்.