விடச் சொல்லாத மூச்சு

கையுறைக்குள் கல்லீரல் அசைந்தது. அசைய வழியே இல்லை.

பட்டப்பகல் மூன்று மணி. மன்னார்புரத்தில் பஸ் ஹாரன்கள் காதைப் பிய்த்தன. ஆஸ்பத்திரியின் நாலாவது மாடி ஆய்வுக்கூடத்தில் ஸ்பிரிட் நெடியோடு சூடேறிய வயரின் வாடையும் கலந்து வந்தது. பொறியாளர் அல்ஷிஃபா கையுறைக்குள் மறுபடி கையை நுழைத்தாள். நாலு வருஷமாக அவள் உருவாக்கிய கருவி அது. நோயாளியின் ஸ்கேனை வைத்து, அவருடைய கல்லீரலின் சூட்டையும் மென்மையையும் ஆபரேஷன் செய்யும் டாக்டரின் விரல்களுக்கு அப்படியே தரும்; ரத்தக்குழாயை நெருங்கினால் விரல் நுனி அதிரும், மணி அடிக்கும். ஆனால் ஸ்கேன் எடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வார்கள். அதனால் கருவிக்குள் கல்லீரல் அசையாமல் கிடக்கும். உயிருள்ள உடம்பிலோ அது மூச்சோடு மூச்சாக விரற்கடை அளவு நகரும், குழாயும் கூடவே நகரும்.

கருவியைப் பற்றிய கட்டுரையில் சேர்க்கச் சொல்லி, இந்தக் குறையை அவள் மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். அறுவை சிகிச்சை டாக்டர் அரவிந்தன் மூன்று முறையும் அடித்துவிட்டார். போன மாதம் மணி தப்பான இடத்தில் அடித்தது. பொன்மலை ஒர்க்‌ஷாப் தொழிலாளி பிச்சமுத்து ஆபரேஷன் மேஜையிலேயே போய்விட்டார். "நோயாளியின் பலவீனம்" என்று கட்டுரையில் ஒரு வரி எழுதி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார் டாக்டர். "நடந்து வந்த மனுஷங்கம்மா" என்று வராந்தாவில் நின்று சொன்னாள் பிச்சமுத்துவின் மனைவி ராக்கம்மாள். நினைக்க நினைக்க அல்ஷிஃபாவுக்குக் கோபம் ஏறியது.

இன்று நாலு மணிக்கு மணப்பாறை மயிலம்மாளுக்கு ஆபரேஷன். திரையில் இருப்பது அவள் ஸ்கேன்தான். விரலில் தட்டுப்பட்டதோ, அந்த ஸ்கேனில் இல்லாத வலது ஓரத்துக் கட்டி. பிச்சமுத்துவின் கட்டி. அது முட்டியது. வெளியே வர வழியில்லாமல், திரும்பத் திரும்ப முட்டியது.

கையை உருவினாள். கதவு திறந்தது.

"சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டாச்சா? பேஷண்ட்டை உள்ள கொண்டுபோயாச்சு" என்றார் அரவிந்தன்.

"போட மாட்டேன் சார். இன்னொரு உசுரு போறதுக்கு நான் ஆளில்ல. உள்ள இருக்கறது மயிலம்மா இல்ல, பிச்சமுத்து."

"பைத்தியமா உனக்கு? தள்ளு, நானே பாக்குறேன்."

கையுறைக்குள் கையை விட்டார். மணி அடிக்கவில்லை. ஸ்பீக்கரில் கரகரத்த ஆண் குரல் ஒன்று கேட்டது.

"மூச்ச இழுத்துப் பிடிங்க, டாக்டரய்யா."

இழுத்தார். பிடித்தார்.

விடவில்லை.

கழுத்து நரம்பு புடைத்தது. உதடு கறுத்தது. இடது கையால் கையுறையைப் பிய்த்தார். வரவில்லை. கண்கள் அவளைக் கெஞ்சின. அல்ஷிஃபா பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள். திரை அணைந்தது. அப்போதும் அவள் கோபம் அடங்கவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

அரவிந்தன் சரிந்தார். நெஞ்சு அசையவில்லை. மேஜைமேல் கையுறை மட்டும், அவர் கையை விடாமல், நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.