ஓரமெல்லாம் நீல மை

காலை 9.40. பதிப்பகத்தின் இரண்டாவது மாடி. பின்பக்கத்து பால்கனியில் பெருக்க வந்த அம்மாள் தகரக் குப்பைக்கூடையைத் தூக்கினாள். "ஐயோ!" என்று அலறி அப்படியே கீழே போட்டாள். கூடை இன்னும் சுட்டது. உள்ளே சாம்பல். தீ தின்றது போக மிச்சமாக, உள்ளங்கை அகலத்தில் ஒரே ஒரு காகிதத் துண்டு.

9.45. இரும்பு அலமாரியைத் திறந்து பார்த்தார்கள். மூன்றாம் தட்டில் ஒரு புத்தகத்தின் இடம் காலி.

10.30. அந்தப் புத்தகத்தை வாங்கிப் போக எழுத்தாளர் அம்மா, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்தார். அவரிடம் யார் சொல்வது? ஆளுக்கு ஆள் சுவரைப் பார்த்தார்கள். கடைசியில் பெருக்குகிற அம்மாள்தான் சொன்னாள்.

வேறு புத்தகம் என்றால் போனால் போகிறது என்று விட்டுவிடலாம். இது அம்மாவின் முதல் நாவல். முப்பத்து நான்கு வருடங்களுக்கு முன்னால் இதே பதிப்பகம் போட்டது. மூன்று பதிப்பு ஓடி நின்றுவிட்டது. 'திருத்திய பதிப்பு போடுவோம்' என்று பெரிய முதலாளி சொன்ன ஒரு வார்த்தையை நம்பி, அம்மா தன் பிரதியை இங்கேயே வைத்தார். வருடத்துக்கு ஒருமுறை வந்து உட்கார்ந்து ஓரமெல்லாம் நீல மையால் திருத்தினார். நான்கு வருடம் முன்பு கணவர் இறந்தபோது கடைசி அத்தியாயத்தையே புதிதாக எழுதி, அந்தத் தாள்களைப் புத்தகத்துக்குள் ஒட்டினார். திருத்திய பதிப்புதான் வரவே இல்லை. பெரிய முதலாளியும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது உரிமையைத் திரும்ப வாங்கியாயிற்று. மகளே சொந்தமாகப் புத்தகம் போடப் போகிறாள். ஆனால் அம்மாவுக்குக் கை நடுங்குகிறது, பார்வையும் மங்கிவிட்டது. அந்த அத்தியாயத்தை இனி இன்னொரு தடவை எழுத அவரால் முடியாது.

11.15. அம்மா போனில் கொடுத்த புகாருக்காக இன்ஸ்பெக்டர் வந்தார். ஐம்பதை நெருங்கும் பெண்மணி. யார் எந்த வாக்குமூலம் கொடுத்தாலும் சிவப்புப் பேனாவால் கோடு இழுப்பார் என்பதால் ஸ்டேஷனில் அவருக்கு 'அடிக்கோடு' என்று பெயர். முகத்துக்கு நேரே அல்ல, முதுகுக்குப் பின்னால்தான்.

"ஒரு புத்தகத்துக்கு நீங்களே வரணுமா மேடம்?" என்று ஏட்டு வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். இன்ஸ்பெக்டர் கைப்பையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அந்த மாடிப்படியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் அதில் ஏறுவதற்கே எழுத்தாளர்கள் சலவைச் சட்டையாகப் பார்த்து எடுத்துப் போடுவார்கள். கீழே அச்சு இயந்திரம் ஓடினால் கைப்பிடிக் கம்பி அதிரும். ஆறு மாதம் கழித்து 'ஏற்கிறோம்' என்று ஒரு கடிதம் வந்தால் தெருவே தெரிந்துகொள்ளும். இன்று கீழ்த்தளத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை. கம்பி அதிர்வதில்லை.

"எத்தனை சாவி?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"ரெண்டு. ஒண்ணு என்கிட்ட, இன்னொண்ணு ஐயாகிட்ட" என்றார் சின்னவர். பெரிய முதலாளியின் மகன். நாற்பத்தைந்து வயதாகியும் சின்னவர்தான்.

'ஐயா' என்றது மூத்த பதிப்பாசிரியரை. எழுதியதை வெட்டுவதில் அவருக்கு இருந்த பேரைப் பார்த்து எழுத்தாளர்கள் வைத்த பட்டம் கத்தரி ஐயா. முப்பத்தெட்டு வருட வேலை. வெள்ளிக்கிழமையோடு ஓய்வு. மூலையில் அவருடைய அட்டைப்பெட்டி தயாராக இருந்தது. உள்ளே ஒரு அகராதி, நாற்காலி மெத்தை, மூக்குக்கண்ணாடிக் கூடு.

"காலையில முதல்ல யார் வந்தது?"

"ரெண்டு பேருமே எட்டரைக்குள்ள வந்துட்டோம்" என்றார் சின்னவர். "மேடம், நேராவே கேட்டுடுங்க. நான்தான் எரிச்சேன்னு இந்தப் பொண்ணு நினைக்குது."

"நினைக்கல, சொல்றேன்" என்றாள் மகள். "போன புதன்கிழமை இவர் என்ன பேச்சு பேசினார் தெரியுமா? சொந்தமா புத்தகம் போடறவங்க எல்லாம் கண்ணாடி முன்னாடி நின்னு கை தட்டிக்கறவங்களாம்!"

"கோவத்துல சொன்னேன். ஆனா தப்பா? புத்தகம் போடறதுன்னா பட்டனைத் தட்டறதா? யாரு படிச்சுத் திருத்துவாங்க? யாரு கடைகடையா கொண்டு போவாங்க?"

"நீங்க முதலாளியான இந்தப் பதினோரு வருஷத்துல எந்தக் கடைக்குக் கொண்டு போனீங்க? அம்மா புத்தகம் பழைய புத்தகக் கடையில கிடைச்சுது, உங்க கடையில கிடைக்கல. இனிமே பத்து பேர் கேட்டா பத்து அடிப்பேன். ஒருத்தர் கேட்டா ஒண்ணு அடிப்பேன். தீர்ந்து போச்சுங்கிற பேச்சே கிடையாது."

சின்னவர் மேசையில் கிடந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். வேறென்ன செய்வார், பாவம்.

இன்ஸ்பெக்டர் எழுத்தாளர் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "அம்மா, வேற நகல் ஏதும் இல்லையா?"

"இல்லம்மா. இங்கதானே இருக்கு, எங்க போயிடப் போகுதுன்னு இருந்துட்டேன்." சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார். "என் வீட்டுக்காரர் இறந்த வாரத்துல எழுதினது. அப்ப அழக்கூட நேரம் இல்லாம எழுதினேன். இப்ப உக்காந்தா அழத்தான் வரும், எழுத வராது."

இன்ஸ்பெக்டர் எழுந்து ஜன்னலோரம் போனார். காகிதத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கத்தின் அடிப்பாகம். எட்டு வரி, கீழே பக்க எண், அதற்கும் கீழே கொஞ்சம் வெற்றிடம். சூட்டில் பழுத்த நிறம். அதே பழைய அச்செழுத்து. துண்டின் பின்பக்கத்தை விரலால் மெல்லத் தடவினார். பிறகு கைப்பையைத் திறந்து கையை உள்ளே விட்டு எதையோ தடவினார். மறுபடியும் துண்டு. ஏட்டுக்கு ஒன்றும் புரியவில்லை.

"நீங்க மாதிரிக்கு ஏதாவது அடிச்சுப் பார்த்தீங்களா?" என்று மகளைக் கேட்டார்.

"ரெண்டு பிரதி. பழைய புத்தகக் கடையில கிடைச்சதை அப்படியே ஸ்கேன் பண்ணி அடிச்சேன். அதே எழுத்து, அதே பக்கம், தாள்கூட பழசு மாதிரியே. அம்மாவோட திருத்தம் எதுவும் அதுல கிடையாது. ஒண்ணு என் பையில இருக்கு. இன்னொண்ணு புதன்கிழமை இவர் மேசையில போட்டுட்டுப் போனேன்."

"நான் அதைத் தொடவே இல்ல" என்றார் சின்னவர். பிறகு தலையைச் சொறிந்தார். "தொட்டேன். நடையில பழைய பேப்பர் பெட்டி இருக்கே, அதுல போட்டேன்."

ஏட்டு போய்ப் பெட்டியைக் கிளறிவிட்டு வந்தார். அது அங்கே இல்லை.

"ஐயா, நீங்க அதைப் பார்த்தீங்களா?"

"கண்ணால பார்க்கல" என்றார் கத்தரி ஐயா.

12.20. ஏட்டு எல்லோருடைய வாக்குமூலத்தையும் மூன்று தாளில் எழுதி முடித்தார். இன்ஸ்பெக்டர் ஆளுக்கொரு நகல் எடுக்கச் சொல்லி, படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார். சின்னவர் படிக்காமலே போட்டார். மகள் மூன்று தாளையும் ஒரு மூச்சில் படித்துவிட்டுப் போட்டாள். கத்தரி ஐயா சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். வரி வரியாகப் படித்தார். ஒரு பக்கம் முடிந்ததும் பென்சிலை அடியில் ஒரு தடவை ஊன்றிவிட்டு அடுத்ததைப் புரட்டினார். இரண்டு இடத்தில் வாக்கியம் நீளம் என்று வெட்டியும் கொடுத்தார். ஏட்டுக்கு வந்ததே கோபம்! "சார், இது போலீஸ் ரிக்கார்டு!"

"மன்னிச்சுக்குங்க தம்பி. கை கேக்கல."

இன்ஸ்பெக்டர் அந்த மூன்று தாளையும் வாங்கிப் பார்த்தார். வழக்கமாக இழுக்கும் சிவப்புக் கோட்டை இந்தத் தடவை இழுக்கவில்லை.

12.35. "எல்லாரும் கொஞ்சம் உக்காருங்க" என்றார். கைப்பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். அட்டை தேய்ந்து, முதுகில் துணி நைந்த பழைய பிரதி.

எழுத்தாளர் அம்மா குனிந்து முகர்ந்தே கண்டுபிடித்துவிட்டார். "இது என் புத்தகம்தானே?"

"ஆமாம்மா. பத்தொன்பது வயசுல ஹாஸ்டல்ல படிச்சது. கையெழுத்து வாங்கலாம்னு கொண்டு வந்தேன். ஒன்பது மணிக்கு விளக்கை அணைச்சுடுவாங்க. தூக்கம் வராது. போர்வைக்குள்ள இந்தப் பக்கங்களை விரலால தடவிக்கிட்டே படுத்திருப்பேன். ஏன்னா இது அச்செழுத்தை அழுத்தி அடிச்ச புத்தகம். எழுத்து தாள்ல பதிஞ்சு குழிஞ்சிருக்கும். பின்னாடி தடவினா விரல்ல வரி வரியாத் தட்டும். இதைத் தொட்டுப் பாருங்க."

சின்னவர் தொட்டுப் பார்த்தார். பிறகு எரிந்த துண்டைத் தொட்டார். முகம் மாறியது. "வழவழன்னு இருக்கு!"

"இருக்கத்தான் செய்யும். இப்ப அடிக்கிற மெஷின் தாளை அழுத்தறதில்ல. எரிஞ்சது அம்மாவோட பிரதி இல்ல. உங்க மேசையில இருந்த மாதிரிப் பிரதி. அம்மாவோடது பத்திரமா இருக்கு. அது எரிஞ்சுபோச்சுன்னு நாம நம்பிட்டா யாரும் தேட மாட்டோம் இல்லையா?"

அறையில் எல்லோரும் சின்னவரைப் பார்த்தார்கள். அவர் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டார். "நான் இல்ல மேடம்! சத்தியமா பெட்டியிலதான் போட்டேன்!"

"போட்டீங்க. அதை இன்னொருத்தர் எடுத்தார். எடுத்தவர் சும்மா எரிச்சிருந்தா என்னால கண்டுபிடிச்சிருக்கவே முடியாது. முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் படிச்சுட்டு எரிச்சார்." இன்ஸ்பெக்டர் துண்டின் அடியில், பக்க எண்ணுக்குக் கீழே விரலை வைத்தார். அங்கே மினுமினுப்பாக, கடுகளவு ஒரு பென்சில் புள்ளி. பக்கத்தில் வாக்குமூலத் தாள்களை வைத்தார். மூன்றிலும் அதே இடத்தில் அதே புள்ளி.

"படிச்சு முடிச்ச பக்கத்துக்கு அடையாளம். முப்பத்தெட்டு வருஷப் பழக்கம். எரிக்கப் போற புத்தகத்துக்கும் புள்ளி வைக்காம இருக்க முடியல. இல்லையா ஐயா?"

கத்தரி ஐயா பென்சிலைச் சட்டைப்பையில் செருகினார். பிறகு எழுந்து போய் அட்டைப்பெட்டியில் இருந்த நாற்காலி மெத்தையின் உறையைக் கழற்றினார். உள்ளேயிருந்து புத்தகம் வந்தது. கூடவே கையால் எழுதிய ஒரு கட்டுத் தாளும் வந்தது.

"திருத்தம் எல்லாத்தையும் நகல் எடுத்துக்கிட்டிருந்தேன் அம்மா. கடைசி அத்தியாயத்துல பாதி தாண்டியாச்சு. முடிச்சதும் அந்த நகலைப் பேரு போடாம தபால்ல அனுப்பிடணும்னு இருந்தேன். உங்க எழுத்தை நான் எரிப்பேனா?"

"அப்ப புத்தகத்தை எதுக்கு எடுத்தீங்க?" என்று கேட்டாள் மகள். "அம்மா காலையிலேர்ந்து உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க."

"தப்புதாம்மா." அவர் இரும்பு அலமாரியைக் காட்டினார். "இந்த அலமாரி நிறைய நான் வேலை பார்த்த புத்தகம். ஒண்ணுலகூட என் பேரு இல்ல. இங்க அது வழக்கமில்ல. நான் இங்க இருந்தேங்கிறதுக்கு அடையாளம் இந்த ஒரு பிரதியோட ஓரத்துலதான் இருக்கு. இவங்களும் போறாங்க, நானும் போறேன். விட மனசு வரல."

மகள் புத்தகத்தைத் திறந்தாள். நீல மைக்குக் கீழே எங்கு பார்த்தாலும் பொடிப் பொடியாகப் பென்சில். ஐந்தாம் அத்தியாயத்தில் நீல மை சொன்னது: 'இங்கே ஒரு மழை வேண்டும்.' பென்சில் சொன்னது: 'ஏற்கெனவே மூன்று மழை பெய்தாயிற்று.' அடுத்த வருட நீல மை: 'நான்காவதும் பெய்யட்டும்.' மகளுக்குக் கோபத்துக்கு நடுவிலும் சிரிப்பு வந்தது. முப்பது வருடமாக இரண்டு பேர் ஒரு புத்தகத்தின் ஓரத்தில் உட்கார்ந்து சண்டை போட்டிருக்கிறார்கள்.

கடைசித் தாளுக்கு வந்தாள். அங்கேயும் பென்சில் இருந்தது. "அம்மா, இதை நீ படிச்சியா?"

"அதுக்கப்புறம் கண்ணு போயிடுச்சே. என்ன போட்டிருக்கார்? வெட்டிட்டாரா?"

மகள் சத்தமாகப் படித்தாள். "'இந்த அத்தியாயத்தில் வெட்ட ஒரு சொல்லும் இல்லை. முதல் பதிப்பில் நீங்கள் எழுதியிருந்த முடிவை வெட்டியது நான் செய்த தவறு. மன்னிக்கவும்.'"

கத்தரி ஐயா என்று பெயர் வாங்கிய மனிதர் குழந்தை மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

1.05. ஏட்டு தொண்டையைச் செருமினார். "மேடம், கேஸ்?"

"புகார் குடுத்தவங்கதான் சொல்லணும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

எழுத்தாளர் அம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "கேஸ் வேண்டாம். தண்டனை உண்டு. மிச்சத் தாளையும் ஐயாவே நகல் எடுக்கணும். புத்தகத்துல முதல் பக்கத்துல என் பேருக்குக் கீழே 'பதிப்பாசிரியர்'னு போட்டு இவர் பேரு வரணும்."

"அம்மா, அப்படிப் போடற வழக்கம்..." என்று ஆரம்பித்தார் சின்னவர்.

"உங்க வீட்டு வழக்கம் தம்பி அது. இப்ப இது என் புத்தகம், நான் போடறேன்."

கத்தரி ஐயா தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "பேரு வருதுன்னா அஞ்சாம் அத்தியாயத்துல அந்த நாலாவது மழையை எடுத்துடணும்."

"எடுக்க மாட்டேன்."

"படிக்கிறவங்க நனைஞ்சே போயிடுவாங்கம்மா."

"நனையட்டும்!"

இன்ஸ்பெக்டர் தன் பழைய பிரதியைத் தயங்கித் தயங்கி நீட்டினார். எழுத்தாளர் அம்மா நடுங்கும் கையால், கோணல்மாணலாக, முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு மூடாமல் அப்படியே கத்தரி ஐயா பக்கம் தள்ளினார். "ஐயா, நீங்களும் போடுங்க."

பேர் போட்டுப் பழக்கம் இல்லாத அந்த மனிதர் வெகுநேரம் யோசித்தார். பிறகு பென்சிலை எடுத்து, பக்கத்தின் அடியில், அந்தக் கையெழுத்துக்கு நேர் கீழே, ஒரு புள்ளி வைத்தார்.