பெயர் மாற்றிய மனு

கணினி பழுதாகிவிட்டது என்று கூப்பிடுகிறவர்கள் எல்லாரும், "நாங்க ஒண்ணுமே பண்ணலை" என்றுதான் ஆரம்பிப்பார்கள். காலை பதினோரு மணிக்கு அந்த வக்கீல் அலுவலகத்துக்குப் படியேறியபோதும் அதையே கேட்டேன். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்று திறக்க மறுத்த மனுக்களில் ஒன்று என் அக்காவுடையது. இரண்டு மணிக்குள் அது நீதிமன்றத்தில் இல்லாவிட்டால் அவளுடைய மகள் தகப்பனிடம் போய்விடுவாள்.

வழக்குகளைச் சேமித்து வைக்கும் மென்பொருளில் முந்நூறு கோப்புகள் இருந்தன. எதைத் திறந்தாலும் எழுத்துகளுக்குப் பதில் வெறும் கட்டங்கள். பிரதி எடுத்து வைத்திருந்ததிலும் அதே கட்டங்கள். ஒன்று மட்டும் ஒழுங்காகத் திறந்தது. ஒரு பெண்ணுக்காக ஆறு வருடத்துக்கு முன் அடித்த மனு. அந்தப் பெண்ணும் தன் மகளைத்தான் கேட்டிருந்தாள்.

"அதை மூடிடுங்க சார்," என்றார் தட்டச்சு செய்யும் அம்மாள்.

"ஏன்?"

"நாங்க எதையும் புதுசா அடிக்கறதில்ல. பழைய மனுவைத் திறந்து, பேரையும் விவரத்தையும் மாத்தி, வேற பேர்ல சேமிப்போம். இங்க இருக்கற எல்லாமே அந்தம்மா மனுவிலிருந்து எடுத்ததுதான். ஒரு தடவை அவசரத்துல அது மேலயே சேமிச்சுட்டேன். அவங்க மனு வேற ஒருத்தி பேர்ல கோர்ட்டுக்குப் போச்சு. தள்ளுபடி ஆயிடுச்சு. பிள்ளையைப் பிடுங்கிட்டாங்க. அந்த வாரமே அவங்க ஆத்துல குதிச்சுட்டாங்க."

"மேலயே சேமிச்சிருந்தா, இது எப்படி இங்க இருக்கு?"

"அதான் சார் எனக்கும் தெரியல."

கடைசியாகத் திருத்தியவர் யார் என்று பார்த்தேன். அந்தப் பெண்ணின் பெயர் இருந்தது. அன்றைய தேதி, நேரம் 11.42.

சுவர்க்கடிகாரத்திலும் அதே நேரம்தான்.

அறையில் ஈரத் தலைமுடியின் வாடை அடித்தது.

புதிய தாளில் அடித்துப் பார்த்தோம். அடிக்க அடிக்க எழுத்துகள் கட்டங்களாயின. மணி ஒன்றைத் தாண்டியது. கீழே அக்கா காத்திருந்தாள்.

"அந்த மனுவிலயே பேரை மாத்திடுங்க சார்," என்று கிசுகிசுத்தார் அம்மாள். "வேற வழியில்ல."

பெயர் இருந்த இடத்தில் சுட்டியை வைத்தேன். யாரும் தொடாத விசைப்பலகையில் விசைகள் இறங்கி எழுந்தன.

என் பேரை எடுக்காதே.

பயத்தைவிடக் கோபம்தான் முந்தியது. இவள் பிள்ளை போனதற்கு என் அக்காவா பொறுப்பு? அவள் பெயர் இருந்த எல்லா இடத்திலும் அக்காவின் பெயரைப் போடச் சொல்லி அழுத்தினேன்.

நாற்பத்தேழு இடங்களில் மாறியது.

அடுத்த நொடி முந்நூறு கோப்புகளும் திறந்துகொண்டன. வாடையும் போய்விட்டது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் நிம்மதியாக அச்சடித்தேன். மற்ற விவரங்களை அம்மாள் சரி செய்தார். அக்கா மேலே வந்து கையெழுத்துப் போட்டாள்.

பிள்ளை அவளிடமே இருக்கட்டும் என்று அன்றே இடைக்கால உத்தரவு ஆயிற்று.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். என் மருமகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள்.

"மாமா, இது அம்மா இல்ல."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டித் தரை முழுக்க நனைந்திருந்தது. பிறந்ததிலிருந்து என்னை 'டேய்' என்று மட்டுமே கூப்பிட்டவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன சார், பேரை மாத்திட்டீங்களே," என்றாள்.

பக்கத்து அறைக்கு ஓடி என் மடிக்கணினியைத் திறந்தேன். அலுவலகத்திலிருந்து எடுத்துவந்த மனுவின் பிரதி அதில் இருந்தது. பத்துப் பக்கமும் கட்டங்கள். கடைசி வரி மட்டும் என் கண்ணெதிரே எழுத்து எழுத்தாக வந்துகொண்டிருந்தது.

டேய், இங்க ஒரே இருட்டா இருக்குடா. என் பேரை எடுத்துடுடா. சீக்கிரம்

என் தோளுக்கு மேலாக ஈரமான கை ஒன்று நீண்டு, அந்தக் கோப்பை அழித்தது.