வெளியே பெஞ்சில் ஐவி

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அடிலெய்டில் நாற்பத்திரண்டு டிகிரி வெயில். லோர்னா சாப்பிட்டுவிட்டு ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பியபோது, கூரியர்க்காரர் வைத்துவிட்டுப் போன வெள்ளை வாளி மேசைமேல் இருந்தது. ஒரு காலத்தில் காசநோய் வார்டாக இருந்த கட்டடம் அது. செயற்கை இடுப்பு மூட்டு வைத்துக்கொண்டவர்கள் இறந்தபின், அவர்கள் எழுதிக் கொடுத்திருந்தால், அந்த மூட்டை எலும்போடு அறுத்து இங்கே அனுப்புவார்கள். அது எவ்வளவு தேய்ந்தது, எவ்வளவு ஆடியது என்று பார்ப்பது லோர்னாவின் வேலை. பதினோரு வருடப் பழக்கம். இங்குள்ள நாற்றம் எதுவும் அவளை ஒன்றும் செய்ததில்லை.

இந்த வாளியின் மூடியைத் திறந்ததும் அவளே இரண்டடி பின்வாங்கினாள்.

ஃபார்மலினையும் மீறித் துருவும் கெட்டுப்போன ஈரலும் கலந்த வாடை. தொடை எலும்பைச் சுற்றியிருந்த சதை தார் நிறத்தில் கொழகொழத்துக் கிடந்தது. தூக்கினால் கையுறையோடு இழையிழையாக வந்தது. மூட்டின் உலோகக் கிண்ணத்தில் உலோகக் குண்டு உரசி உதிர்ந்த பொடி, உயிரோடு இருந்தவளின் சதைக்குள் ஊறி அதை அழுக வைத்திருந்தது. எலும்புக்குள் இறக்கிய தண்டைத் தொட்டாள். சிமென்ட் வேண்டாம், எலும்பே வளர்ந்து கவ்விக்கொள்ளும் என்று சொல்லிச் சுத்தியால் அடித்து இறக்கிய தண்டு. எலும்பு அதைக் கவ்வவே இல்லை. விழப்போகிற பல் மாதிரி ஆடியது.

வாளியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். ஐவி டிரெலோர். ஆய்வு எண் 47.

லோர்னாவுக்கு அவளைத் தெரியும். மலைப்பக்கத்தில் மாட்டுப்பண்ணை வைத்திருந்த கிழவி. நடை அளக்க வரும்போதெல்லாம் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள்.

"கண்ணு, நடந்தா இது கிறீச்சுனு கத்துது. சர்ச்ல நான் எந்திரிச்சா பாதிரியார் பிரசங்கத்தையே நிறுத்திட்டுப் பாக்குறாரு. கொஞ்சம் எண்ணெ விட்டு அனுப்பேன்!"

அந்தத் தண்டை வடிவமைத்தவர் டாக்டர் கிளைவ் ராஸ்கில். ஐம்பது பேருக்கு வைத்து, ஒன்றுகூட ஆடவில்லை என்று காட்டவேண்டிய ஆய்வு. மூன்று முறை போன் செய்தும் எடுக்காத நோயாளியை 'தொடர்பில் இல்லை' என்று எழுதிக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம் என்பது அதன் விதி. இரண்டு வருடத்துக்கு முன், ஐவியின் நடை மோசமாகிவிட்ட ஒரு நாள், கிளைவ் சொன்னபடி லோர்னா ஐவியின் வீட்டுக்கு மூன்று முறை போன் செய்தாள். யாரும் எடுக்கவில்லை. எப்படி எடுப்பாள்? அந்த நேரத்தில் ஐவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அது லோர்னாவுக்கும் தெரியும். பிறகு வெளியே போய், "இனிமே நீங்க வர வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினாள்.

கதவு திறந்தது. கிளைவ்தான். கையில் ஒரு கிண்ணம், பச்சைப் பட்டாணிக் கஞ்சியில் மிதக்கும், இறைச்சி அடைத்துச் சுட்ட அப்பம். வாளிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார். மனிதனா இவன் என்றிருந்தது லோர்னாவுக்கு.

"தண்டு ஆடுது கிளைவ். திங்கக்கிழமை ஆறு பேருக்கு இதையே வைக்கப் போறீங்க. நிறுத்துங்க."

"இந்தம்மாதான் ஆய்வுலயே இல்லையே. போன் எடுக்கல."

"வெளில பெஞ்சுல உக்காந்திருந்தாங்க!"

"வீட்ல இல்லல்ல?" பச்சைக் கஞ்சி மோவாயில் வழிய அவர் சிரித்தார். "கையெழுத்து உன்னோடது லோர்னா. மாத்தணும்னா உன் வேலையும் சேந்து போகும். வாளிய மூடு."

அவர் போய்விட்டார். லோர்னா வாளியை மூடினாள். கணினியில் 47க்கு எதிரே 'தொடர்பில் இல்லை' அப்படியே இருந்தது. அவள் அதை அப்படியே விட்டாள்.

தாழ்வாரத்தில் யாரோ நடந்தார்கள்.

கிறீச்.

ஒரு கால் ஊன்றி, ஒரு கால் இழுத்து.

கிறீச்.

பெஞ்சின் பலகை முனகியது. நடை நின்றது. மூடிய வாளியிலிருந்து அந்த ஈரல் வாடை மறுபடி கிளம்பி அறையை நிறைத்தது.

மேசை போன் அடித்தது. திரையில் ஐவியின் மலைப்பக்கத்து வீட்டு எண். அந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை. அடித்து ஓய்ந்தது.

இரண்டாம் முறை. அவள் எடுக்கவில்லை.

மூன்றாம் முறை அடித்தபோது, எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்ற பயத்திலேயே எடுத்தாள்.

"கண்ணு," என்றது குரல், தொண்டையில் ஏதோ கொழகொழக்க. "நான் வெளிலதான் உக்காந்திருக்கேன்."

லோர்னா அழுதுகொண்டே தட்டச்சு செய்தாள். எண் 47, தண்டு ஆடிவிட்டது, நீக்கியது என் பொய். ஆடும் தண்டின் படத்தையும் சேர்த்து மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பினாள். கால்மணி நேரத்தில் பதில் வந்தது. திங்கட்கிழமை அறுவைகள் ஆறும் நிறுத்தப்பட்டன.

வாடை அடங்கியது. கதவை மெல்லத் திறந்து பார்த்தாள். பெஞ்சில் யாரும் இல்லை. பலகையில் மட்டும் கறுப்பாக ஒரு ஈரம். வேலை போனால் போகட்டும், ஆறு பேர் தப்பித்தார்கள். பல நாள் கழித்து அவளுக்கு நிம்மதியாக மூச்சு வந்தது.

பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள். முப்பத்தொன்பது வயது, தினமும் காலையில் கடற்கரையில் ஓடுகிறவள், உடம்பில் ஒரு தையல்கூடக் கிடையாது.

முதல் அடி வைத்தாள்.

கிறீச்.

சத்தம் அவளுடைய வலது இடுப்புக்குள்ளிருந்து வந்தது.