பன்னிரண்டாவது பை

பதினொரு பைகளும் வெயிலில் காய்ந்த துணிபோல் சாக்கிலிருந்து லேசாக வந்தன. பன்னிரண்டாவதைத் தூக்க ஜீவராணிக்கு இரண்டு கைகளும் வேண்டியிருந்தன.

நோர்வூட்டுக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில், மழைக்கு மரவேர் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கிற ஆராய்ச்சிக்காரர்களிடம் அவள் வேலை பார்த்தாள். மண்ணைச் சலித்து, ஒரு வேர்நூல்கூட இல்லாமல் வலைப்பையில் நிரப்பி மரத்தடியில் புதைக்க வேண்டும். மூன்று மாதம் கழித்துத் தோண்டி, உள்ளே புகுந்த வேர்களை இடுக்கியால் பிரித்தெடுக்க வேண்டும். மழைக்காலத்தில் மெல்லிய வேர்கள் மேல்மண்ணுக்கு ஏறிவந்து குடிக்கும். வறட்சியில் கருகி உதிரும். தை பிறந்ததிலிருந்து மழையே இல்லை, அதனால் பதினொரு பைகளிலும் நாலைந்து பழுப்பு நூல்கள்தான்.

பன்னிரண்டாவதில் மண்ணே தெரியவில்லை. வெள்ளை வெளேரென்று வேர்கள் பின்னிக்கிடந்தன, ஒரு பக்கத் தையல் தெறித்திருந்தது.

காரணம் அவளுக்கு மட்டும் தெரியும். நவம்பர் மழையில் பதினொரு பைக்கு மண் சலித்ததிலேயே கை ஓய்ந்துபோயிற்று. வருகிற வழியில் மயானத்தில், மாயாண்டியைப் புதைத்து மூன்று நாள் ஆன மேடு பொலபொலவென்று இருந்தது. வேரில்லாத மண். நாலு கை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டாள்.

மாயாண்டியின் மனைவி மீனம்மா அதே லயத்து வரிசையில் அடுத்த அறையில், பக்கத்துக் காம்பராவில்தான் இருந்தாள். கூரையைத் தொடாத சுவருக்கு மேலாக அவள் குரல் வந்தது.

"என்னாடி ஜீவா, இன்னைக்கும் வேருக்குப் பேன் பாக்குறியா?"

"ஆமாக்கா. ஒங்க தலையவிட இதுல சிக்கு கம்மி."

"வாயப் பாரு! டோரீனுக்குக் காய்ச்சல் எறங்குச்சா?"

"இப்பதான் தூங்குறா."

கட்டிலில் ஆறு வயது மகள் சுவரைப் பார்த்துச் சுருண்டிருந்தாள். மதியத்திலிருந்து மூன்று முறை தண்ணீர் கேட்டுவிட்டாள்.

ஜீவராணி பையை அலுமினியப் பேசினில் வைத்து, மண் கரைய ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினாள். இடுக்கியை எடுத்துத் திரும்புவதற்குள் பேசின் காய்ந்திருந்தது. அடியில் ஓட்டையில்லை. தரையில் ஈரமில்லை. இன்னொரு வாளி ஊற்றிவிட்டு, கண்ணை எடுக்காமல் நின்றாள். சிறுபிள்ளை கஞ்சி உறிஞ்சுவதுபோல் மெல்லிய ஒரு சத்தம். நீர்மட்டம் இறங்கியது.

மாயாண்டிக்குக் கிட்னி போய்விட்டிருந்தது. நாளைக்கு இரண்டு கோப்பைக்கு மேல் தண்ணீர் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். கடைசி வாரம் முழுக்க இதே சுவருக்கு மேலாக "தண்ணி, தண்ணி" என்று அந்த மனிதர் கெஞ்சியதை அவள் கேட்டுக்கொண்டே சமைத்தாள், சாப்பிட்டாள், தூங்கினாள்.

இடுக்கியால் ஒரு வேரைத் தூக்கிப் பார்த்தாள். மரத்திலிருந்து வந்த வேரென்றால், தோண்டும்போது கத்தி அறுத்த முனை ஒன்று இருக்க வேண்டும். இதில் இல்லை. இரண்டு பக்கமும் கூரிய, உயிருள்ள நுனிகள். அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும். எந்த மரமும் இவற்றை அனுப்பவில்லை.

நாலு மணிக்கே பனிமூட்டம் வாசல் திண்ணை, இஸ்தோப்புவரை வந்திருந்தது. தகரத்தில் முதல் துளி விழுந்தது. பிறகு படபடவென்று மழை. மண்வாசம் எழுந்தது, அதற்கடியில் ஆஸ்பத்திரி வார்டின் புளித்த நெடி.

எடுத்த இடத்திலேயே கொட்டிவிட வேண்டும். வேறெதுவும் அவளுக்குத் தோன்றவில்லை. பையை வாரிச் சாக்கில் திணித்தாள்.

"அக்கா, புள்ளையக் கொஞ்சம் பாத்துக்கிறீங்களா? மேல காட்டுல ஒரு வேலை."

"இந்த மழையிலயா? சரி, காதக் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். போயிட்டு வா."

மழைநீர் ஓடும் கானைத் தாண்டி, தேயிலைக்கிடையில் வழுக்கி வழுக்கி ஏறினாள். சாக்கு தோளில் கனக்கவில்லை. மாயாண்டியின் மேட்டருகே மண்டியிட்டு, பையைக் கவிழ்த்து உதறினாள்.

மண் விழுந்தது. வெறும் மண்.

உள்ளே கைவிட்டுத் துழாவினாள். சாக்கைத் திருப்பிப் போட்டாள். ஒரு வேர்கூட இல்லை.

ஓடினாள். விழுந்தாள். எழுந்து ஓடினாள்.

காம்பராக் கதவு அவள் சாத்தியபடியே இருந்தது.

"வந்துட்டியா ஜீவா?" சுவருக்கு மேலாக மீனம்மா. "புள்ள தண்ணி தண்ணின்னு ஒரே அனத்தல். நான் எழும்பி வர்றதுக்குள்ள அடங்கிருச்சு. தூங்கிருச்சுபோல, எழுப்பிறாத."

பேசின் காலி. வாளி காலி. தண்ணீர்ப்பானை காலி. சிமெந்துத் தரையில் பேசினிலிருந்து வெள்ளைக் கோடுகள் கட்டில்வரை.

டோரீன் மல்லாந்து கிடந்தாள். உதடுகள் வெடித்திருந்தன. வாயோரத்தில், மூக்கில், காதுமடலில் நூல்நூலாக வெள்ளை. பிள்ளை மூச்சிழுக்கும்போதெல்லாம் அவை கொஞ்சம் தடித்தன.

கண்கள் திறந்திருந்தன. அம்மாவைப் பார்த்தன.

இமையோரத்தில் ஒரு துளி திரண்டது. நுனிகள் எல்லாம் மெல்ல அந்தப் பக்கம் திரும்பின. துளி கன்னத்துக்கு இறங்கவே இல்லை.