இரண்டு விருந்தாளி, ஒரு கோழி

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் அயுமா வீட்டு அடுப்பில் சேவல் கொதித்துக்கொண்டிருந்தது. அப்போது வாசலில் முலாமா மாமா வந்து நின்றார். பின்னாலேயே பெரியப்பா இம்பாயியும் வந்தார்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. போன வருடக் காளைச் சண்டையில் ஜெயித்தது யார் காளை என்று தகராறு. அன்றிலிருந்து பேச்சு வார்த்தை கிடையாது.

அம்மா அயுமாவைச் சமையல் குடிசைக்குள் இழுத்தாள்.

"போச்சுடி! மரியாதைக்குரிய விருந்தாளிக்குத்தான் கோழியோட இரைப்பை. இருக்கறதோ ஒண்ணு. யாருக்கு வைப்பேன்?"

"பாதி பாதியா வெட்டிடலாம்மா."

"பாதி வெச்சா ரெண்டு பேருமே கோவிச்சுக்குவாங்க!"

"வேற கோழி?"

"இருக்கறதெல்லாம் அடைகாக்குது. போ, கசாண்டி அத்தைகிட்ட கொஞ்சம் உப்பு வாங்கிட்டு வா."

பக்கத்து வீட்டுக் கசாண்டி அத்தை அடுப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பானையில் கோழிக் குழம்பு கமகமத்தது.

"அண்ணனுங்க வரலையா அத்தை?"

"என் பசங்களுக்கு நைரோபியில வேலையாம், லீவு கிடைக்கலையாம். காலையில கோழிய அறுத்தப்புறம்தான் போன் பண்றானுங்க." அத்தை மூக்கை உறிஞ்சினாள். "இவ்வளவையும் நான் ஒருத்தி எப்படித் தின்பேன்?"

அத்தையின் முகத்தைப் பார்க்க அயுமாவுக்குப் பாவமாக இருந்தது.

"எங்க வீட்டுக்கு வாங்க அத்தை. எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம்."

"விருந்தாளிங்க இருக்காங்களேடி. நான் எதுக்கு நடுவுல?"

"அவங்க ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டாங்க. நீங்க வந்தாதான் எங்களுக்குப் பேச்சுத்துணை!"

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பானையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

பாதி வழியில்தான் அயுமாவுக்கு அது உறைத்தது. "அத்தை! உங்க கோழிக்கும் இரைப்பை இருக்குமில்ல?"

"இல்லாம? இரைப்பை இல்லாத கோழி எங்கயாவது உண்டா?"

அயுமா ஓட்டமாக ஓடினாள். "அம்மா, ரெண்டாவது இரைப்பை வருது!"

ஆவி பறக்கும் மக்காச்சோளக் களியும் வழவழ கீரையும் வந்தன. மாமா தட்டில் ஓர் இரைப்பை, பெரியப்பா தட்டில் ஓர் இரைப்பை. அம்மா நிம்மதியாக மூச்சு விட்டாள்.

பெரியப்பா எட்டிப் பார்த்தார். "முலாமா, உன்னோடது கொஞ்சம் பெருசா இருக்கே?"

எல்லோர் கையும் அப்படியே நின்றது.

மாமா தம் தட்டைப் பார்த்தார். பெரியப்பா தட்டையும் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்போ நீங்களே வெச்சுக்கங்க மச்சான். ஆனா ஜெயிச்சது என் காளைதான்!"

"அடப் போய்யா! வர்ற வருஷம் பார்ப்போம்!" பெரியப்பாவும் சிரித்துவிட்டார்.

சாயங்காலம் தெருவில் இசுகுட்டி மேளம் முழங்கியது. இருவரும் தோளைக் குலுக்கி ஆடினார்கள். அவர்களைவிட ஜோராக ஆடியவள் கசாண்டி அத்தைதான்.

இருட்டியதும் அத்தை கிளம்பினாள். அயுமா கழுவிய பானையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

"அத்தை, உங்க பானை!"

"அங்கேயே இருக்கட்டும்டி," என்றாள் அத்தை திரும்பிப் பார்க்காமலே. "நாளைக்கு உங்க வீட்டுலதானே சமைக்கப் போறேன்!"